ஏரோதுவின் கண்ணில் படாத நட்சத்திரம்

இயேசு பிறந்தபோது தோன்றியதாகச் சொல்லப்படும் பெத்லகேம் நட்சத்திரம் என்றதும், நீளமாக வால் முளைத்து ஊரையே பகலாக்கும் ஒரு விண்மீன்தான் நம் மனதில் வருகிறது. வாழ்த்து அட்டைகள் பார்த்த வேலை அது. மத்தேயு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில் அப்படி எதுவும் இல்லை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளை ஏரோது மன்னன் ரகசியமாக அழைத்து, நட்சத்திரம் எப்போது காணப்பட்டது என்று "திட்டமாய்" விசாரிக்கிறான். எதற்காக விசாரிக்க வேண்டும்? தலைக்கு மேல் அப்படியொன்று ஜொலித்திருந்தால் அரண்மனை மாடியில் நின்றே பார்த்திருக்கலாமே!

நான் பிடித்துக்கொள்ளும் நுனி இதுதான். வானில் நடந்தது எல்லோர் கண்ணுக்கும் எட்டக்கூடியது. ஆனால் வானத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது செய்தியாக இருந்திருக்கிறது.

பழைய தமிழ் வேதாகமம் சாஸ்திரிகள் என்றும், பொது மொழிபெயர்ப்பு ஞானிகள் என்றும் சொல்லும் இவர்கள் கிரேக்க மூலத்தில் 'மாகோய்'. பாரசீகம், பாபிலோன் பக்கத்தில் வானியலும் சோதிடமும் அப்போது ஒரே தொழில். எத்தனை பேர் வந்தார்கள் என்று மத்தேயு சொல்லவே இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூவராகிவிட்டார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சோதிடத்தைப் பைபிளுக்குப் பிடிக்காது. வானத்து அடையாளங்களைக் கண்டு கலங்காதீர்கள் என்கிறார் எரேமியா. ஆனால் ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே, வானத்துச் சுடர்கள் காலங்களைக் குறிப்பதற்காக மட்டுமல்ல, அடையாளங்களுக்காகவும் வைக்கப்பட்டவை என்கிறது. எண்ணாகமத்தில் பிலேயாம் என்ற குறிசொல்பவன், யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் உதிக்கும் என்கிறான். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசு தன்னையே விடிவெள்ளி என்று சொல்லிக்கொள்கிறார். இந்த முரணை அவிழ்க்க முயன்றவர்களில் சபைத் தந்தை அகுஸ்தினார் முக்கியமானவர். நட்சத்திரம் தோன்றியதால் கிறிஸ்து பிறக்கவில்லை, கிறிஸ்து பிறந்ததால்தான் அது தோன்றியது என்றார். அதாவது நட்சத்திரம் அறிவிக்கலாம், ஆளக் கூடாது. கோள்கள்தான் விதியை எழுதுகின்றன என்றால், இரட்டையரான ஏசாவும் யாக்கோபும் ஏன் இவ்வளவு வேறுபட்ட வாழ்க்கை வாழ்ந்தார்கள் என்றும் கேட்டார். நல்ல கேள்வி.

சரி, வானத்துக்கு வருவோம். "கிழக்கிலே அவருடைய நட்சத்திரத்தைக் கண்டு" என்பது பழைய மொழிபெயர்ப்பு. பொது மொழிபெயர்ப்போ "அவரது விண்மீன் எழக் கண்டோம்" என்கிறது. இரண்டும் 'அனத்தொலே' என்ற ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. அதற்குக் கிழக்கு என்றும் உதயம் என்றும் பொருள் உண்டு. வானியலாளர் வாயில் அந்த உதயம் குறிப்பான ஒன்றாகவும் இருக்கலாம். பூமி சூரியனைச் சுற்றி வருவதால், ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை வியாழன், சனி போன்ற கோள்களும் ராசி மண்டல விண்மீன்களும் சில வாரங்கள் சூரிய ஒளியில் மறைந்துவிடும். அப்புறம் ஒரு நாள் விடியலுக்குச் சற்று முன், கீழ்வானில் சில நிமிடங்கள் மட்டும் தலைகாட்டும். தேதி தெரிந்து காத்திருப்பவர் அதைப் பார்ப்பார், மற்றவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் எந்த நட்சத்திரம்? 1603 டிசம்பரில் வியாழனும் சனியும் நெருங்கியதை வானியலாளர் ஜோகன்னஸ் கெப்ளர் கவனித்தார். 1604 அக்டோபரில் அதே பகுதியில் ஒரு புதிய விண்மீன் வெடித்துத் தெரிந்தது. கோள்களின் சேர்க்கைதான் புதிய விண்மீனைப் பிறப்பிக்கிறது என்று நினைத்து, அவர் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினார். கி.மு. 7-இல் வியாழனும் சனியும் மீன ராசியில் சேர்ந்தது கிடைத்தது. காரணம் தவறு: 1604-இல் தெரிந்த ஒளி பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பியது, அதற்கும் வியாழனுக்கும் தொடர்பே கிடையாது. ஆனால் கி.மு. 7 நிலைத்துவிட்டது. ஏரோது கி.மு. 4-இல் இறந்தான் என்பதுதான் பெரும்பாலோர் கணக்கு. ஆகவே இயேசுவின் பிறப்பு அதற்கு முன்பே இருந்தாக வேண்டும்.

வியாழனும் சனியும் சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பது வழக்கம்தான். கி.மு. 7-இல் ஒரே ஆண்டில் மூன்று முறை சந்தித்தன. இதற்கு வக்கிரம்தான் காரணம். வேகமாக ஓடும் பூமி, மெதுவாகப் போகும் வெளிக்கோளை முந்தும்போது, அந்தக் கோள் பின்னால் நகர்வதுபோலத் தோன்றும். நாம் ஏறிய ரயில் பக்கத்து ரயிலை முந்தும்போது அது பின்னோக்கிப் போவதுபோலத் தெரியுமே, அதுதான். வியாழனுக்கு இது நான்கு மாதம் நீடிக்கும். வக்கிரம் தொடங்கும்போதும் முடியும்போதும் சில நாள் கோள் நகராமல் நிற்பதாகத் தெரியும். முன்னே போகையில் ஒரு சந்திப்பு, திரும்புகையில் ஒன்று, மறுபடி முன்னேறுகையில் ஒன்று. பாபிலோனியருக்கு வியாழன் தலைமைத் தெய்வமான மர்துக்கின் கோள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒன்றாகி ஒரே சுடராக எரிந்ததா என்றால், இல்லை. நெருங்கியபோதும் இடைவெளி ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலா அகலம். 2020 டிசம்பர் 21 அன்று அது 0.1 பாகைதான், ஊடகங்கள் 'கிறிஸ்துமஸ் நட்சத்திரம்' என்று கொண்டாடின. கி.மு. 7-இன் காட்சி அதைவிடச் சாதாரணமானது. ஏரோதுவுக்குத் தெரியாமல் போனதற்கு இது பொருந்துகிறது. வேறு வாதங்களும் உண்டு: கி.மு. 5-இல் 70 நாட்களுக்கு மேல் தெரிந்த ஒரு வால்மீனைச் சீனர்கள் பதிந்திருக்கிறார்கள், கி.மு. 2 ஜூனில் வெள்ளியும் வியாழனும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. பின்னது ஏரோதுவின் மரணத்துக்குப் பிந்தையது என்பதால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மிச்சமிருப்பது மிகக் கடினமான வரி: நட்சத்திரம் அவர்களுக்கு முன்னே சென்று, பிள்ளை இருந்த இடத்தின்மேல் நின்றது. கி.மு. 7 நவம்பரில், இருட்டியதும் வியாழனும் சனியும் தெற்கு வானில் உயரத்தில் இருந்தன. எருசலேமிலிருந்து பெத்லகேம் தெற்கே சுமார் 8 கிலோமீட்டர். அந்தப் பாதையில் நடப்பவருக்குக் கோள்கள் முன்னால் தெரியும். நிலா நம்மோடு வருவதுபோல அவையும் வரும். ஆனால் நடக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் பூமியின் சுழற்சி அவற்றை ஏறத்தாழ 30 பாகை மேற்கே தள்ளிவிடும். வக்கிரத்தில் கோள் 'நிற்பது' மற்ற விண்மீன்களோடு ஒப்பிடும்போது மட்டுமே; இரவு வானில் அதுவும் எழுந்து மறைந்துகொண்டேதான் இருக்கும். அவ்வளவு உயரத்தில் இருக்கும் எதுவும் தனியொரு வீட்டைக் காட்ட முடியாது.

இந்த ஆட்சேபத்தைத் தொலைநோக்கி வருவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுப்பியவர் ஒரு சபைத் தந்தை, யோவான் கிறிசோஸ்தம். விண்மீன்கள் கிழக்கிலிருந்து மேற்கே போகும், இதுவோ வடக்கிலிருந்து தெற்கே போயிருக்கிறது. உயரத்தில் இருக்கும் நட்சத்திரத்தால் அவ்வளவு சின்ன இடத்தைச் சுட்ட முடியாது என்று அவர் வாதிட்டார். வானியல் கணக்கில் அவர் சொன்னது சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, அது நட்சத்திரமே அல்ல, நட்சத்திர வடிவில் வந்த கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி என்பது.