நாளைக்கான சீட்டு

அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். இரவு கல்லாவை எண்ணி முடித்ததும், அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நாலைந்து வரி எழுதுவார். "துவரம் பருப்பு 1 மூட்டை. எண்ணெய்க்காரர் பாக்கி, காலையிலேயே. தராசுக்கு முத்திரை." அதை எடைக்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு ஷட்டரை இறக்குவார். வீட்டுக்கு வந்த பிறகு கடைப் பேச்சே இருக்காது. நான் அப்படி இல்லை. ஆபீஸிலிருந்து வந்து மூன்று மணி நேரம் ஆகியும், சோற்றைப் பிசைந்தபடி அனுப்பாத மெயிலுக்கு வாசகம் தேடிக்கொண்டிருப்பேன்.

பாதியில் நின்ற வேலை ஏன் மனதை விடுவதில்லை? 1920களில் பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினின் மாணவிகள் இருவர் இதை ஆராய்ந்தார்கள். முடிந்த வேலையைவிட முடியாத வேலைதான் நன்றாக நினைவில் நிற்கிறது என்றார் புளூமா ஸைகார்னிக். பின்னால் வந்த பல சோதனைகளில் அந்த முடிவு அப்படியே கிடைக்கவில்லை. மரியா ஓவ்சியான்கினா கண்டது இன்னொன்று: வேலையை இடையில் நிறுத்திவிட்டுச் சும்மா விட்டால், யாரும் சொல்லாமலேயே பெரும்பாலோர் அதற்குத் திரும்பினார்கள். அந்த இழுப்புதான் ராத்திரி நம்மோடு படுக்கைக்கும் வருகிறது.

உடம்பும் சேர்ந்து விழித்திருக்கிறது. கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கண்விழித்த அரை மணி, முக்கால் மணிக்குள் உச்சத்துக்குப் போய், பகலில் மெல்லக் குறைந்து, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வர வேண்டும். பிரச்சினை கண்ணெதிரே இல்லாவிட்டாலும், அதை அசைபோட்டாலே இதயத் துடிப்பு கூடுகிறது. சாயங்காலம் நடைப்பயிற்சி, யோகா எல்லாம் செய்தும் தூக்கம் வராதவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி, வேலையை முடித்தால்தான் இழுப்பு நிற்குமா? தேவையில்லை. எப்போது, எப்படிச் செய்யப் போகிறோம் என்று திட்டம் போட்டாலே போதும், குறுக்கிடும் நினைப்பு அடங்குகிறது என்று உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் காட்டினார்கள். அப்புறம் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத் தூக்க ஆய்வகத்தில் 57 பேரைப் படுக்கும் முன் 5 நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் செய்து முடித்ததை எழுதினார்கள், மீதிப் பேர் செய்ய வேண்டியதை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். கவலையைக் கிளறும் என்று நினைத்த பட்டியலே கவலையை இறக்கி வைத்திருக்கிறது!

மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டினால் எந்தச் சீட்டும் காப்பாற்றாது. வேலை அழுத்தம் கூடக்கூட, அதை விட்டு விலகி இளைப்பாறுவது தேவையாகவும் ஆகிறது, கடினமாகவும் ஆகிறது என்கிறார் ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழக உளவியலாளர் சபீன் சொன்னென்டாக். ஆட்களைக் கூட்டுவதும் நேரத்தைக் குறைப்பதும் நிர்வாகம் செய்ய வேண்டியவை.

இப்போது நானும் கிளம்பும் முன் எழுதுகிறேன். முதலில் "ரிப்போர்ட்" என்று மட்டும் எழுதினேன், பலனில்லை. "10 மணி, மூன்றாம் பக்க அட்டவணையில் கூட்டல் சரிபார்க்க" என்று எழுதத் தொடங்கிய பிறகுதான் சாப்பாட்டில் கவனம் போகிறது. பெய்லரிலும் பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்திருக்கிறது. அப்பாவின் தாளில் ஒரு நாளும் "சரக்கு" என்று பொதுவாக இருந்ததில்லை. எத்தனை மூட்டை என்பது வரை இருக்கும்.