பெரிய தாய் மீனை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

ஒரு பக்கம் 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு பெண் காட் மீன். இன்னொரு பக்கம் 2 கிலோ எடையில் 28 பெண் மீன்கள். யாரிடம் முட்டை அதிகம்? மொத்த எடை 56 கிலோ என்றாலும் அந்த 28-ம் சேர்ந்து இடும் முட்டைகளை ஒற்றைக் கிழவி மிஞ்சிவிடுகிறாள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு இது. மீனின் உடம்பு வளரும் வேகத்தைவிட முட்டையின் எண்ணிக்கை வேகமாகக் கூடுகிறது. முட்டை ஒவ்வொன்றிலும் சத்தும் கூடுதல். குஞ்சுக்குக் கட்டுச்சோறு கொடுத்து அனுப்புகிற மாதிரி.

ஆனால் மீன்பிடி விதிகள் வெகுகாலம் சின்ன மீனைத்தான் காத்தன. "இந்த நீளத்துக்குக் கீழே பிடிக்காதே" என்பது நியாயமான விதிதான். ஒரு தடவையாவது முட்டையிட்ட பிறகு பிடிபடட்டும் என்ற எண்ணம். அப்புறம் என்ன ஆகும்? அந்த நீளக் கோட்டைத் தாண்டிய மீன்கள்மேல்தான் அத்தனை வலையும் தூண்டிலும் விழும். கிழவிகள் காணாமல் போவார்கள்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீன் உண்டு. 1973-இல் சுமார் 6,700 டன்னாக இருந்த அதன் வணிகப் பிடிப்பு பத்தே ஆண்டில் 1,600 டன் அளவுக்கு இறங்கியது. 1985-இல் மேரிலாந்து மாநிலம் அதைப் பிடிக்கவே தடை போட்டது. கரையோர மாநிலங்கள் வைத்த இலக்கு எனக்கு மிகவும் பிடித்தது: 1982-இல் பிறந்த பெண் மீன்களில் 95 சதவீதம் ஒரு முறையாவது முட்டையிடும்வரை அந்தத் தலைமுறையைக் காப்பது. 1995-இல் மீன்வளம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள்.

கடலில் திரியும் மீன் எந்த ஆண்டில் பிறந்தது என்று எப்படித் தெரியும்? அதன் தலைக்குள் செவிக்கல் என்று ஒரு சின்னக் கல் இருக்கிறது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் வளையம் போலக் கோடுகள் தெரியும். ஆண்டுக்கு ஒன்று.

கதை அங்கே முடியவில்லை. 2019-இல் அதே மீன் மறுபடியும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதாகக் கண்டார்கள். இந்த முறை தூண்டில்காரர்களுக்குக் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. 2023-இல் கடற்கரைப் பகுதியில் 28 முதல் 31 அங்குலத்துக்குள் இருப்பதை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று இறுக்கினார்கள். 2015-இல் பிறந்த பெரிய தலைமுறை தப்பி வளர வேண்டுமே. மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலை தன்னாலேயே கொஞ்சம் இப்படித்தான் வேலை செய்யும்: சின்ன மீன் வலைக் கண்ணுக்குள் புகுந்து போய்விடும், பெரிய மீனின் தலை நுழையாது.

தூண்டிலில் இது அத்தனை சுலபமில்லை. அளவு பார்த்துத் திரும்ப விடும் மீன்களில் நூற்றுக்கு 9 செத்துப்போவதாகக் கணக்கிடுகிறார்கள். சின்ன எண்தான், ஆனால் விடுவது கோடிக்கணக்கில். அப்படிச் செத்தவை, வீட்டுக்குக் கொண்டுபோனவற்றின் எண்ணிக்கையை நெருங்கிய ஆண்டும் உண்டு.

சரி, தாய்கள் தப்பித்தால் குஞ்சுகள்? மேரிலாந்தில் 1954 முதல் ஆண்டுதோறும் 100 அடி வலையைக் கரையோரம் கையால் இழுத்து, அந்த ஆண்டின் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். 2019-இலிருந்து அந்த எண்ணிக்கை வருடா வருடம் சராசரிக்கு வெகு கீழேயே வந்தது. குளிர்காலம் குளிராமல் போவதும் ஆறுகளில் நீர் குறைவதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அளவுகோலை வைத்து அதற்கு விதி எழுத முடியாது.