அடுப்புச் சிராய் பிளக்க எந்தக் கருவி?

இலங்கை மலையகத்தில், மழை மாதங்களில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் கை வெட்டுகளில் ஒரு வகையை, சுற்றியிருக்கும் துணியைப் பிரிக்கும் முன்னரே சொல்லிவிடலாம். இடது கை. பெருவிரல் அல்லது ஆள்காட்டி விரல். அதுவும் விரலின் மேற்புறம். "விறகா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள். பெரிய கட்டையைப் பிளந்து வந்தவர்கள் இதில் குறைவு. அடுப்பு மூட்டச் சிராய் உரிக்கப் போனவர்கள்தான் அதிகம்.

காரணம் எளிது. பெரிய கட்டை தானாக நிற்கும், அதை யாரும் பிடித்துக்கொண்டு வெட்டுவதில்லை. சிறிய துண்டை ஒரு கையால் பிடித்தாக வேண்டும். மெல்லியதாகப் பிளக்கப் பிளக்க, பிடித்த விரல் கத்திக்குக் கிட்டக் கிட்டப் போகிறது.

முன்பு ஈர விறகு பிடிக்காவிட்டால் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள் (அதனால் வந்த தீக்காயங்கள் தனிக் கதை). 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அதே வருடம் கேஸ் தட்டுப்பாட்டில் டவுனில் இருந்தவர்கள்கூட விறகடுப்புக்குத் திரும்பினார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்பவர்கள் அதை விட்டு எப்போது போனார்கள்? மண்ணெண்ணெய் இல்லாமல் ஈர விறகைப் பிடிக்கவைக்க மெல்லிய சிராய் வேண்டும், நிறைய வேண்டும்.

கருவியை எடுக்கும்போது எல்லோரும் கூரைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. இதால் அடிக்கும் நொடியில் என் மற்றக் கை எங்கே இருக்கும்? கருவியையும் வேலைமுறையையும் இந்தக் கேள்வியை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டில் முதலில் கையில் அகப்படுவது கத்தி. அதிலும் கவ்வாத்துக் கத்தியை எடுப்பவர்கள் உண்டு. அது தேயிலை வாதைச் சரிவாகச் சீவுவதற்காகச் செய்த மெல்லிய, மிகக் கூரான கத்தி. விறகின் தலையில் நேராக அடித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். இழை நேராக இருந்தால் விறகுக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் கத்தியையும் விறகையும் சேர்த்துத் தூக்கித் தரையில் குத்துவோம், அதில் கத்தி எந்தப் பக்கம் கழன்று வரும் என்று யாருக்கும் தெரியாது. கணு இருந்தாலோ கத்தி வழுக்கிப் பக்கவாட்டில் போகும். அந்தப் பக்கத்தில் இருப்பது இடது கை. மன்னாக் கத்தி கனமானது, சுள்ளி நறுக்க நல்லது. ஆனால் பிளப்பதற்குத் தேவையான பருமன் அதன் உடம்பிலும் இல்லை.

மரம் வெட்டும் பெரிய கோடாலியும் இதற்கு ஆகாது. தலைக்குக் கிட்டப் பிடித்து ஒற்றைக் கையால் தட்டும்போது மணிக்கட்டு சீக்கிரம் களைத்துவிடும். களைத்த கை குறி தவறும்.

வாங்குவதென்றால் கைக்கோடாலி வாங்குங்கள். தலை மட்டும் 500 முதல் 800 கிராம் வரை இருந்தால் போதும், காம்பு ஓர் அடி அல்லது கொஞ்சம் கூட. வாய்க்குப் பின்னால் கன்னம் ஆப்பு மாதிரி பருத்திருக்க வேண்டும். விறகை விரிப்பது கூர் அல்ல, அந்தப் பருமன்தான். சவரக்கத்திக் கூர் தேவையில்லை, ஆனால் மொட்டையாகவும் இருக்கக் கூடாது. மொட்டைக் கோடாலி விறகில் பட்டுத் துள்ளும். கடையில் பெயின்ட் பளபளப்பையும் ரப்பர் பிடியையும் விட்டுவிட்டு, மரக் காம்பு என்றால் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இழைக் கோடுகள் கோடாலி வாயின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் காம்பு முறியும். பழைய வாகன ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கொடுக்கும் கொல்லர் பக்கத்தில் இருந்தால் அவரிடமே கன்னம் பருமனாகக் கேட்டு வாங்கலாம்.

காம்பு ஆடினால் கோடாலியை வாளித் தண்ணீரில் ஊறப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்றைக்கு இறுகும். அடுப்பங்கரையில் இரண்டு நாள் கிடந்து காய்ந்தால் முன்னைவிட அதிகமாக ஆடும். காம்பின் தலையில் புதிய ஆப்பு அடிப்பதுதான் சரி.

இனி அடிக்கும் விதம். நான் அதிகம் சிபாரிசு செய்வது இதைத்தான். கைக்கோடாலியின் வாயை விறகின் தலையில் வைத்து மெதுவாகத் தட்டி, தானாக நிற்கும் அளவுக்கு மட்டும் பதியவிடுங்கள். விறகைப் பிடித்த கையை எடுத்துவிடுங்கள். அப்புறம் கோடாலியின் முதுகில் மரக்கட்டையால் அடியுங்கள். தச்சரிடம் இருக்கும் கொட்டாப்புளி மாதிரி ஒன்று போதும், கனமான விறகுத் துண்டு ஒன்றே போதும். அடி விழும்போது ஒரு கை காம்பில், மறு கை கட்டையில். விறகில் கையே இல்லை.

மரக்கட்டை என்று சொன்னதைக் கவனியுங்கள். கத்தி முதுகில் இரும்புச் சுத்தியலால் அடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். இரும்பில் இரும்பு மோதும்போது கண்ணுக்கே தெரியாத துணுக்கு தெறிக்கும். அது கண்ணுக்குள் போனால் ஆரம்பத்தில் பெரிய வலிகூட இருக்காது, லேசான உறுத்தல்தான். தூசி என்று கசக்கிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்வை மங்கலாகி வருவார்கள். சுத்தியல் அடித்த பிறகு கண் உறுத்தினால் கசக்காமல் அன்றே வாருங்கள், "அடிக்கும்போது தெறித்தது" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நியூசிலாந்தில் எய்லா ஹட்சின்சன் என்ற பள்ளிச் சிறுமி, தன் அம்மா சிராய் பிளக்கும்போது விரலை வெட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, பள்ளி அறிவியல் போட்டிக்காக ஒரு கருவி செய்தார். இரும்பு வளையத்துக்குள் ஆப்பு போன்ற வாய் மேல்நோக்கி நிற்கும். விறகை அதன்மேல் வைத்து, தலையில் சுத்தியலால் அடிக்க வேண்டியதுதான். நம் அரிவாள்மனையின் புத்திதான்: கத்தி அசையாது, பொருள்தான் அதனிடம் வரும். இன்று அது வெளிநாடுகளில் நன்றாக விற்பனையாகிறது. இங்கே வெல்டிங் தெரிந்தவர் ஒருவரிடம் படத்தைக் காட்டினால் செய்துவிடுவார். வளையத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம், கை தவறி வாயில் விழாமல் காப்பது அதுதான்.

செலவே இல்லாத வழியும் இருக்கிறது. பழைய த்ரீவீல் டயரை அடிக்கட்டையின் மேல் வைத்து, அதற்குள் விறகுத் துண்டுகளை நெருக்கமாக நிறுத்துங்கள். யாரும் பிடிக்கத் தேவையில்லை, பிளந்ததும் சிதறாது. அடிக்கட்டை முக்கியம். சிமெந்துப் படியில் வைத்து அடித்தால் வாயும் போகும், குறி தவறினால் கால் முன்னெலும்பும் போகும். குட்டைக் காம்புக் கோடாலியை நின்றபடி வீசவே கூடாது. முழங்காலிட்டோ தாழ்வாக உட்கார்ந்தோ வேலை செய்தால் தவறிய அடி தரையில் முடியும்.

விறகையும் கொஞ்சம் பாருங்கள். சவுக்கு (இங்கே கிரவீலியா மரத்தைத்தான் அப்படிச் சொல்வோம்) லேசாகப் பிளக்கும். டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் மரத்தின் இழை முறுக்கிக்கொண்டிருக்கும், காய்ந்தால் இரும்பு. அதைப் பச்சையிலேயே பிளந்து காயவையுங்கள். கவ்வாத்து முடிந்த மலையில் மிலாறு (வெட்டிப் போட்ட தேயிலை வாது) கிடைத்தால் மெல்லியதைத் தனியாகக் கட்டிப் பரணில் போட்டுவிடுங்கள். அதைப் பிளக்கவே வேண்டாம்.

வெட்டுப்பட்டுவிட்டால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். காப்பித்தூள், மஞ்சள், தேயிலைத்தூள் எதுவும் வேண்டாம். அதைக் கழுவி எடுக்கும்போது உங்களுக்கு வலிக்கிறது, எங்களுக்கும் நேரம் போகிறது.

"சின்ன வெட்டுத்தான் மிஸ்" என்பார்கள். நான் முதலில் சொல்வது, "விரலை நீட்டுங்க அக்கா." மற்ற விரல்கள் நீளும், வெட்டுப்பட்டதன் நுனி மட்டும் தொங்கும். விரலின் மேற்புறத்தில் தசைநார் தோலுக்கு உடனே கீழே ஓடுகிறது, சின்ன வெட்டே அதை அறுக்கப் போதும். தோலை மட்டும் தைத்து வீட்டுக்கு அனுப்பினால் நுனி அப்படியே நின்றுவிடும். சரியாகத் தைத்தாலும் பல வாரம் விரல் கட்டுப் போட்டு அசையாமல் இருக்க வேண்டும். கொழுந்து எடுப்பது பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும்தானே, அத்தனை வாரமும் பேர் விழாது, நாட்சம்பளம் இல்லை. அதனால் வீட்டிலேயே பாருங்கள். விரல் நீளவில்லை, மடங்கவில்லை, நுனியில் உணர்ச்சி குறைவு என்றால் வெட்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தோட்ட டிஸ்பென்சரியோடு நிறுத்தாமல் பெரிய வைத்தியசாலைக்கு வந்துவிடுங்கள்.

துண்டாகிப் போனால் அந்தத் துண்டை ஈரத்துணியில் சுற்றி, பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகத் துண்டில் படக் கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஏற்பு (டெட்டனஸ்) ஊசியைப் பற்றியும் கேட்போம். பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் போட்டிருப்பார்கள். ஆண்களில் பலருக்குப் பாடசாலையில் 12 வயதில் போட்டதுதான் கடைசி, சிலருக்கு அதுவும் நினைவில்லை. ஊசி போட்ட அட்டை வீட்டில் இருந்தால் வரும்போது எடுத்துக்கொண்டு வாருங்கள்.