கூடுதல் மாவட்ட நீதிமன்றம் திறந்தாச்சு, உங்கள் கட்டு எங்கே?

"ஏனுங்கம்மா, காத்தாலருந்து நிக்கறனுங்க. எம்பேரக் கூப்புடவே இல்லீங்களே."

அந்தப் பெரியவர் என்னிடம் இப்படிக் கேட்டபோது மணி மாலை நாலரை. கோர்ட் வராந்தா காலியாகிக்கொண்டிருந்தது. கையில் மஞ்சள் பை, பைக்குள் வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. வாங்கிப் பார்த்தேன். வழக்கு எண் சரி, வாய்தா தேதியும் சரி. கோர்ட்தான் தப்பு. அவருடைய பாகப்பிரிவினை வழக்கு மூன்று வாரத்துக்கு முன்பே, புதிதாகத் திறந்த கூடுதல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அது இயங்கியது பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில். இவர் இங்கே தூணோரம் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அங்கே டவாலி (கோர்ட் சேவகர்) இவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். பிரதிவாதி இல்லை, அவருடைய வக்கீலும் இல்லை. 'ஒருதலைபட்சம்', அதாவது இவர் இல்லாமலே வழக்கை நடத்தலாம் என்று எழுதியாகிவிட்டது.

அன்றைக்கே தெரிந்ததால் தப்பித்தார். தீர்ப்பு வருவதற்குள் ஆஜராகி, வராத காரணத்தைச் சொல்லி ஒரு மனு போட்டால் சரிசெய்துவிடலாம். போட்டோம், செலவுத்தொகை கட்டினோம், வழக்கு பழைய நிலைக்கு வந்தது. ஆனால் எல்லோருக்கும் அந்த மாலை நாலரை மணி வாய்ப்பதில்லை. சிலருக்குக் கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் தீர்ப்பான சங்கதியே தெரியவருகிறது.

இருபது வருடமாகக் கொங்குப் பகுதியில் வக்கீல் தொழில் செய்கிறேன். புது நீதிமன்றம் வருவது நல்ல செய்திதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது வந்த முதல் ஆறு மாதம்தான் ஒரு வழக்குக்காரருக்கு மிக ஆபத்தான காலம் என்பது என் அனுபவம். ரிப்பன் வெட்டும் படம் பேப்பரில் வரும். உங்கள் கட்டு, அதாவது வழக்குக் காகிதங்கள், எந்த அலமாரிக்குப் போனது என்று எந்தப் பேப்பரிலும் வராது.

புது கோர்ட் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தில் வழக்குகள் தேங்குகின்றன. முதன்மை மாவட்ட நீதிபதி கணக்கு அனுப்புகிறார், உயர் நீதிமன்றம் அரசுக்குப் பரிந்துரைக்கிறது, உள்துறையும் நிதித்துறையும் பார்த்து அரசாணை போடுகின்றன. நீதிபதி ஒருவர், அவருக்குக் கீழே தலைமை அலுவலரான சிரஸ்தார் முதல் கடைநிலை ஊழியரான மசால்ஜி வரை இத்தனை பணியிடங்கள், இத்தனை செலவு என்று அதில் இருக்கும். (மசால்ஜி என்றால் அந்தக் காலத்தில் தீவட்டி பிடிப்பவர். மின்சாரம் வந்து எத்தனையோ காலமாகியும் பதவியின் பெயர் மாறவில்லை.)

எத்தனை நீதிபதிகள் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் என்று சட்ட ஆணையம் 1987லேயே தன் 120வது அறிக்கையில் சொன்னது. ஐந்தே ஆண்டில் அதை எட்ட வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. இன்றைக்கும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் கணக்குப்படி சுமார் 21தான். நாடு முழுக்கக் கீழமை நீதிமன்றங்களில் நிலுவை 4 கோடிக்கும் மேல். மக்கள்தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள், எத்தனை வழக்கு வருகிறது, ஒரு நீதிபதியால் எத்தனை முடிக்க முடிகிறது என்று பாருங்கள் என்று 2014இல் 245வது அறிக்கை சொன்னது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. பத்துச் செக் மோசடி வழக்கும் பத்துக் கொலை வழக்கும் ஒன்றாகிவிடுமா?

அடுத்து, கட்சிக்காரர்கள் கேட்கும் முதல் சந்தேகம்: "கூடுதல்னா சின்ன கோர்ட்டா, மேடம்?" இல்லை. அரசியலமைப்பின் 236வது பிரிவிலேயே 'மாவட்ட நீதிபதி' என்ற சொல்லுக்குள் கூடுதல் மாவட்ட நீதிபதியும் அடக்கம். நியமனமும் அதே 233வது பிரிவின் கீழ், உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் செய்வதுதான். வக்கீலாக இருந்து நேரடியாக வருபவருக்கு 7 ஆண்டு அனுபவம் வேண்டும் என்பதும் அதே மாதிரிதான். கொலை வழக்கில் கூடுதல் அமர்வு நீதிபதி சட்டம் அனுமதிக்கும் எந்தத் தண்டனையும் கொடுக்கலாம். வித்தியாசம் நிர்வாகத்தில்தான். பொதுவாக வழக்கு முதன்மை நீதிமன்றத்தில் தாக்கலாகி, அங்கிருந்து பிரித்துக் கொடுக்கப்படும். விருத்தாசலம், திண்டிவனம் மாதிரி மாவட்டத் தலைநகரை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களிலும் கூடுதல் மாவட்ட நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒரு வாய்தாவுக்காக ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழந்து வந்தவருக்கு அது பெரிய நிம்மதி.

எங்கள் வக்கீல்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. புது கோர்ட் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் என்பதற்காகச் சங்கங்கள் மாறி மாறிப் புறக்கணிப்பு நடத்திய நாட்கள் உண்டு. வழக்கு போகும் பக்கம் வருமானமும் போகும் என்கிற கவலைதான், வேறென்ன.

சரி, திறந்த பிறகு என்ன நடக்கிறது? நான் பார்த்த அந்தக் கல்யாண மண்டப கோர்ட்டையே சொல்கிறேன். நீதிபதியின் மேடைக்கு மணமேடையையே தச்சர் வைத்துச் சரிசெய்திருந்தார்கள். பின்சுவரில் மாலை மாட்டும் கொக்கிகள் அப்படியே இருந்தன. நீதிபதி முதல் நாளே பத்தரை மணிக்குச் சரியாக வந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் பெஞ்ச் கிளார்க் சார்பு நீதிமன்றத்திலிருந்து இரவல், தட்டச்சர் முன்சீப் கோர்ட்டிலிருந்து இரவல், அதுவும் வாரத்துக்கு மூன்று நாள். நீதிமன்ற முத்திரை செய்து வரவில்லை. முத்திரை இல்லாமல் சான்றிட்ட நகல் தர முடியாது, சம்மன் அனுப்ப முடியாது. பதினோரு நாள் இப்படியே போனது. அந்தப் பதினோரு நாளும் சாட்சிகள் வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, திரும்பிப் போனார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், ஆள் இரவல் கொடுத்த அந்த இரண்டு கோர்ட்டுகளிலும் வேலை படுத்துவிட்டது. ஒரு கோர்ட்டைத் திறப்பதற்கு இரண்டு கோர்ட்டை நொண்டவைத்த கதை. ஆணை போடும்போதே ஊழியர்களையும் நியமித்துவிட்டுத் திறந்தால் இந்தப் பாடு இல்லை. பணம் எவ்வளவு நாளைக்கு என்பதும் முக்கியம். 2000இல் 11வது நிதிக்குழு நாடு முழுக்க 1734 விரைவு நீதிமன்றங்களுக்கு வழி செய்தது. 2011 மார்ச் 31உடன் மத்திய அரசு பணத்தை நிறுத்தியது. அப்புறம் உன் பாடு என்று மாநிலங்களிடம் விட்டாயிற்று. தற்காலிகம் என்று ஆரம்பிக்கும் எதற்கும் ஒவ்வொரு முறையும் நீட்டிப்பு ஆணைக்குக் காத்துக்கிடக்க வேண்டும். சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத எழுத்தரிடம் கட்டைச் சீக்கிரம் தேடச் சொல்லிக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

இப்போது கட்டுகளுக்கு வருகிறேன். என் மனதை இன்றும் அறுப்பது ஒரு டீச்சரம்மாவின் வழக்கு. அண்ணன்கள் பூர்வீகச் சொத்தை விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கியிருந்தோம். தடை 'அடுத்த வாய்தா வரை' என்று இருந்தது. அந்த வாய்தா நாளில் கட்டு பழைய கோர்ட்டிலும் இல்லை, புது கோர்ட்டிலும் பதிவாகவில்லை. சிப்பம் கட்டி, பட்டியல் சரிபார்க்க ஏதோ ஒரு மேஜைக்கடியில் இருந்திருக்கிறது. அன்று தடையை நீட்டிக்க யாரும் உத்தரவு போடவில்லை. நான் முதன்மை நீதிபதியின் முன்னால் போய் அப்போதே மனுச் செய்திருக்க வேண்டும். கட்டு வரட்டும் என்று இருந்துவிட்டேன். அது என் தவறு. ஐந்தாம் நாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் பதிவாகிவிட்டது. வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 52வது பிரிவு இருக்கிறதுதான். சொத்து போய்விடவில்லை. ஆனால் வாங்கியவரையும் வழக்கில் சேர்த்து, அவர் எதிருரை போட்டு, மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டியதாயிற்று. டீச்சரம்மா இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் உங்களிடம் தடை உத்தரவு இருந்து, கோர்ட் மாறுகிறது என்று காதில் விழுந்தால், அன்றைக்கே வக்கீலிடம் கேளுங்கள்: தடை எந்தத் தேதி வரைக்கும்? அந்தத் தேதியில் கட்டு எங்கே இருக்கும்? நீதிபதி இல்லாத கோர்ட்டுக்கும் பொறுப்பு நீதிபதி ஒருவர் இருப்பார். நீட்டிப்பை அவரிடம் கேட்கலாம்.

இன்னொன்று விபத்து இழப்பீட்டுப் பணம். மாவட்ட நீதிமன்றமே மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயமாகவும் இருக்கும். சிறுவர்களின் பங்கை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, வயது வந்ததும் எடுக்கச் சொல்வார்கள். அப்பாவை விபத்தில் இழந்த ஒரு பையனுக்குப் 18 வயது முடிந்தது, கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். ரசீது பழைய கோர்ட் பெயரில். முடிந்த கட்டுகளும் சேர்ந்து புது கோர்ட்டுக்குப் போயிருந்தன. கடிதம் பழைய கோர்ட்டிலிருந்து வரட்டும் என்றது வங்கி. கட்டு எங்களிடம் இல்லையே என்றது பழைய கோர்ட். கணக்கு எங்கள் பெயருக்கு மாறவில்லையே என்றது புது கோர்ட். யார் சொன்னதும் பொய்யில்லை. நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அதற்குள் பெரியம்மாவின் வளையல் அடகுக்குப் போய்விட்டது. இப்படிப் பணம் கிடப்பவர்கள் பையனுக்கு வயது வரும் வரை காத்திருக்காதீர்கள். கோர்ட் பிரிந்ததுமே கணக்கும் மாறியதா என்று விசாரித்து வையுங்கள்.

பயப்பட வேண்டாத விஷயங்களும் இருக்கின்றன. கோர்ட் மாறினால் சாட்சியம் முதலிலிருந்து சொல்ல வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். சிவில் வழக்கில் வேண்டாம். முந்தைய நீதிபதி பதிவு செய்ததை வைத்தே அடுத்தவர் தொடரலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 18 விதி 15 சொல்கிறது. வேலை மாற்றப்பட்ட கோர்ட்டுக்குப் பழைய கோர்ட்டின் அதிகாரம் அப்படியே வரும் என்பது அதே சட்டத்தின் 150வது பிரிவு. ஏற்கெனவே தீர்ப்பு வாங்கிவிட்டீர்கள், அப்புறம் உங்கள் ஊர் வேறு கோர்ட் எல்லைக்குப் போய்விட்டது என்றால், தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவை எங்கே போடுவது? 37வது பிரிவின் விளக்கப்படி தீர்ப்புக் கொடுத்த பழைய கோர்ட்டின் அதிகாரம் அதனாலேயே போய்விடாது, புது கோர்ட்டும் எடுக்கலாம். எதிர்த்தரப்பு இதை ஆட்சேபணையாகக் கிளப்பி இழுத்தால் அசராதீர்கள்.

மற்றபடி, கையோடு வைத்திருக்க வேண்டியது சி.என்.ஆர். எண், அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் கணினியில் தரும் தனி எண். 16 எழுத்தும் எண்ணுமாக இருக்கும், தமிழ்நாட்டு வழக்குகளில் டி.என். என்று தொடங்கும், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் எந்த கோர்ட், அடுத்த வாய்தா என்றைக்கு என்று வரும். வேறு கோர்ட்டுக்கு மாற்றியிருந்தால் அதுவும் தெரியும். வழக்கு எண்ணே மாறியிருக்கலாம் என்பதால், கிடைக்காவிட்டால் கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். ஆனால் செயலியில் ஏற்றுவதும் அதே இரவல் பெஞ்ச் கிளார்க்தான். மாறுகிற சமயத்தில் ஒரு வாரம் பத்து நாள் பின்தங்கியிருக்கும். அந்த நாட்களில் நேரில் போய் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலைப் பார்ப்பதுதான் நிச்சயம். வக்கீல் போன் எடுக்கவில்லை என்றால் குமாஸ்தாவைப் பிடியுங்கள். கட்டு எங்கே இருக்கிறது என்பது எங்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருதலைபட்சத் தீர்ப்பே ஆகிவிட்டதா? பிரதிவாதியாக இருந்தால் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை நீக்கக் கோரி மனுப் போடலாம். வாதியாக இருந்து, வராததால் வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் அதே 30 நாள். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனுவும் வேண்டும். கோர்ட் மாறியது தெரியாது என்பது சொல்லத்தக்க காரணம்தான். ஆனால் வெறுமனே சொன்னால் போதாது, அன்றைக்குப் பழைய கோர்ட்டுக்கு வந்ததற்கு ஏதாவது அத்தாட்சி இருந்தால் வலு. பஸ் டிக்கெட்டைக்கூட நான் இணைத்திருக்கிறேன்.

அந்தப் பெரியவரின் வழக்கு இப்போது சாட்சி விசாரணையில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தைக் காலிசெய்து கோர்ட் சொந்தக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. போன மாதம் எங்கள் ஊருக்கு இன்னும் ஒரு கூடுதல் நீதிமன்றத்துக்கு ஆணை வந்திருப்பதாகச் சொன்னார்கள், அனுப்ப வேண்டிய கட்டுகளின் பட்டியலும் தயாராகிறது. பெரியவர் காதுக்கு அது எப்படியோ எட்டிவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கே போன்.

"நம்ம கட்டு இங்கயே இருக்குதுங்களா, மறுக்காவும் போகுதுங்களா?"

இன்னும் பட்டியல் ஒட்டவில்லை, பார்த்துவிட்டுச் சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றேன்.