பிறந்த மண்ணிலேயே அயலார்: டொமினிக்கன் குடியரசின் 169-14 சட்டம் யாருக்கு என்ன தருகிறது?

2008-ஆம் ஆண்டு. கரீபியக் கடலில் ஹைட்டியோடு ஒரே தீவைப் பகிர்ந்துகொள்ளும் நாடு டொமினிக்கன் குடியரசு. அங்கே யமாசா என்ற ஊரில், கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தில் பிறந்த இளம்பெண் ஒருவர் தன் பிறப்புச் சான்றிதழோடு பதிவு அலுவலகத்துக்குப் போனார். அவர் கேட்டது செடுலா. 18 வயது நிறைந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் அந்த நாடு தரும் அடையாள அட்டை அது. அலுவலர்கள் சான்றிதழை வாங்கிப் பார்த்தார்கள். அதிலிருந்த பெயர்கள் ஹைட்டியப் பெயர்கள். அட்டை கிடைக்கவில்லை. கொண்டுபோன சான்றிதழும் திரும்பக் கைக்கு வரவில்லை.

அவர் வழக்குப் போட்டார். வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2013 செப்டம்பர் 23 அன்று வந்த 168-13 எண் தீர்ப்பு, அந்த மண்ணில் 1984-இல் பிறந்த அவரைக் குடிமகளே அல்ல என்று சொல்லிவிட்டது. அதோடு நிற்கவும் இல்லை. 1929 ஜூன் 21 முதலான பிறப்புப் பதிவேடுகள் எல்லாவற்றையும் புரட்டி, இவரைப் போன்றவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்கச் சொன்னது. ஒரு பெண் அட்டை கேட்கப் போன வழக்கு, 84 ஆண்டு பின்னோக்கிப் பாய்ந்து, பேரன் பேத்தி எடுத்தவர்களின் குடியுரிமையையும் கேள்விக்குள்ளாக்கியது. அந்த நாட்டில் ஹைட்டியப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் சுமார் 2,10,000 பேர் என்று அரசின் புள்ளிவிவர அலுவலகம் 2012-இல் நடத்திய கணக்கெடுப்பு சொல்லியிருந்தது. நீதிபதிகளில் இரண்டு பெண்கள் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள்.

உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் கண்டனம் எழுந்தது. அதன் விளைவாக 2014 மே 23 அன்று, டனிலோ மெடினா அதிபராக இருந்தபோது நடைமுறைக்கு வந்ததுதான் 169-14 சட்டம். குடியுரிமையைத் திருப்பித் தரும் சட்டம் என்று பலரும் இதைச் சொல்கிறார்கள். பாதி பேருக்குக்கூட அது பொருந்தாது. ஏன் என்று புரிய, 'வழிப்போக்கர்' என்ற ஒரு சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

வழிப்போக்கர் யார்?

1929 முதல் 2010 வரை அந்த நாட்டின் அரசியலமைப்பில் விதி எளிமையானது. மண்ணில் பிறந்தால் குடிமகன். விலக்கு இரண்டே பேருக்கு: வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள், நாட்டைக் கடந்து போகும் வழிப்போக்கர்களின் பிள்ளைகள். வழிப்போக்கர் என்பதற்கு 1939-ஆம் ஆண்டுக் குடிவரவு விதி கணக்கும் வைத்திருந்தது: பத்து நாள். வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் கப்பலுக்காகக் காத்திருப்பவரை மனத்தில் வைத்து எழுதிய விதி.

ஹைட்டியிலிருந்து வந்த கரும்புக் கூலிகள் அப்படி வந்தவர்கள் அல்ல. 1952, 1959, 1966 ஆண்டுகளில் இரண்டு அரசுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின்படி அழைத்துவரப்பட்டவர்கள். தங்கியது 'பதேய்' எனப்படும் ஆலைக் குடியிருப்புகளில். சுற்றிலும் கரும்பு, நடுவே வரிசை வீடுகள். வேலைக்குச் சேர்ந்ததும் ஆலை ஒரு சீட்டு கொடுக்கும். அதன் பெயர் ஃபிச்சா. அநேகரிடம் இருந்த ஒரே அடையாளம் அதுதான். குழந்தை பிறந்ததும் தகப்பன் ஃபிச்சாவைக் கொண்டுபோய்க் காட்டுவார், பதிவாளர் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார், சான்றிதழ் கிடைக்கும். பல பத்தாண்டுகள் இப்படித்தான் நடந்தது. அரசு ஊழியரே ஏற்றுக்கொண்ட சீட்டை, பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு செல்லாது என்றது அதே அரசு. ஃபிச்சா மட்டும் வைத்திருந்த பெற்றோர் எல்லோரும் வழிப்போக்கர்களே என்றது நீதிமன்றம்.

வாழ்நாளெல்லாம் ஒரே ஆலைக்குக் கரும்பு வெட்டியவரை வழிப்போக்கர் என்று சொல்ல எந்த மொழியின் அகராதியும் இடம் தராது. 2005-லேயே அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம், சான்றிதழ் மறுக்கப்பட்ட இரண்டு சிறுமிகளின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது: வழிப்போக்கர் என்பதற்கு நியாயமான கால வரம்பு வேண்டும், பெற்றோரின் குடிவரவு நிலை பிள்ளைகளுக்கு வாரிசாக வராது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 285-04 என்ற குடிவரவுச் சட்டம் வசிப்புரிமை இல்லாத எல்லோரையும் வழிப்போக்கர் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தது.

இதில் நெஞ்சை அறுக்கும் வரலாறு ஒன்று உண்டு. தீவில் இப்போது டொமினிக்கன் குடியரசு இருக்கும் கிழக்குப் பகுதியில் அடிமை முறையை ஒழித்துக்கட்டியவர்கள் ஹைட்டியர்கள். 1791-இல் கிளர்ந்தெழுந்து, நெப்போலியனின் படையை முறியடித்து, 1804 ஜனவரி 1 அன்று விடுதலை பெற்ற மக்கள் அவர்கள். 1816-இல் அதிபர் பெத்தியோன் ஆட்சியில் எழுதப்பட்ட அரசியலமைப்பின் 44-ஆவது பிரிவு, ஆப்பிரிக்கர்களும் அமெரிக்கப் பூர்வகுடிகளும் அவர்கள் வழிவந்தவர்களும் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும், ஹைட்டியில் குடியேறினால் ஹைட்டியரே என்றது. ஓராண்டு தங்கினால் முழுக் குடியுரிமை. ஜமைக்காவில் அடிமைகளாக இருந்த சிலர் 1817-இல் ஒரு பாய்க்கப்பலோடு தப்பி வந்து சேர, உரிமையாளர் பின்னாலேயே வந்து அவர்களைத் திருப்பிக் கேட்டார். அவர்கள் இப்போது என் நாட்டுக் குடிமக்கள் என்று இந்தப் பிரிவைக் காட்டி பெத்தியோன் மறுத்துவிட்டார். அவருக்குப் பின் அதிபரான புவாயே, 1822 பிப்ரவரியில் கிழக்குப் பகுதியின் தலைநகரான சான்டோ டொமிங்கோவுக்குள் நுழைந்தார். அங்கே அடிமை முறை முடிந்தது.

அடுத்த 22 ஆண்டு ஹைட்டிய ஆட்சி கிழக்குப் பகுதி மக்களுக்கு இனிக்கவில்லை என்பதும் உண்மை. வரிச்சுமை இருந்தது, தேவாலயச் சொத்துகள் பறிபோயின. 1844 பிப்ரவரி 27 அன்று அவர்கள் பிரிந்துபோனார்கள். அந்தக் கசப்பைச் சர்வாதிகாரி ட்ருஹியோ இனவெறியாக வளர்த்தெடுத்தார். 1937 அக்டோபரில் எல்லையோரத்தில் அவருடைய படையினர் ஆயிரக்கணக்கான ஹைட்டியர்களை வெட்டிக் கொன்றார்கள். பார்ஸ்லிக் கீரையை ஸ்பானிய மொழியில் 'பெரெஹில்' என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லி, ரகரம் உருளாத நாக்கை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள் என்பது இன்றும் அந்த எல்லையில் மறையாத நினைவு. ஒருவர் யார் என்பதைப் பெயரையும் உச்சரிப்பையும் வைத்துத் தீர்மானிக்கும் பழக்கம் 2008-இல் யமாசா அலுவலகத்தில் புதிதாக முளைத்ததல்ல.

சட்டம் பிரிக்கும் இரண்டு பிரிவுகள்

வசிப்புரிமை இல்லாத பெற்றோருக்கு 1929 ஜூன் 16 முதல் 2007 ஏப்ரல் 18 வரை அந்த மண்ணில் பிறந்து, பிறப்புப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் 'அ' பிரிவு. இவர்களின் பதிவு செல்லும் என்று சட்டம் ஏற்கிறது. குடியுரிமை உறுதி, செடுலா கிடைக்கும், சான்றிதழ் நகல் கிடைக்கும். பிறப்புப் பதிவேடுகள் அங்கே மத்தியத் தேர்தல் வாரியத்தின் பொறுப்பு. அது தணிக்கை செய்து, 2015 ஜூனில் 55,000-க்கு மேற்பட்ட பெயர்களை வெளியிட்டது. வழக்குப் போட்ட அந்தப் பெண்ணுக்கும் 2014 ஆகஸ்டில் செடுலா கிடைத்தது. ஆனால் இந்தப் பிரிவிலும் பலருடைய பதிவுகளைப் பழைய பேரேட்டிலிருந்து எடுத்துத் தனிப் பேரேட்டில் எழுதினார்கள். குடிமக்கள்தான், ஆனாலும் தனி வரிசை.

அதே காலத்தில் அதே குடியிருப்பில் பிறந்து, பெயர் பதிவாகாமல் போனவர்கள் 'ஆ' பிரிவு. சட்டம் இவர்களிடம் கேட்பது விசித்திரமானது. முதலில் தன்னை வெளிநாட்டவர் என்று ஒப்புக்கொண்டு அயலார் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். பிறகு வசிப்புரிமை பெற வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, குற்றப் பதிவு எதுவும் இல்லையென்றால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பிறந்தது அங்கேதான் என்று நிறுவவும் வேண்டும்: மருத்துவமனைச் சீட்டு, அல்லது பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் வாக்குமூலம், அல்லது ஏழு சாட்சிகள் நோட்டரி முன் தரும் உறுதிமொழி, அல்லது டொமினிக்கன் குடிமக்களான நெருங்கிய உறவினரின் உறுதிமொழி. நாற்பது வருஷத்துக்கு முன் பிரசவம் பார்த்த பாட்டி உயிரோடு இருக்க வேண்டும். ஏழு பேரைக் கூட்டி வண்டிச் செலவு கொடுத்து நகரத்துக்கு அழைத்துப் போக வேண்டும். கொடுத்த அவகாசம் முதலில் 90 நாள், பிறகு இன்னொரு நீட்டிப்பு. 2015 பிப்ரவரி 1 அன்று கதவு மூடியபோது பெயர் கொடுத்திருந்தவர்கள் 8,755 பேர்.

இரண்டு ஆண்டில் விண்ணப்பிக்கலாம் என்றது சட்டம். 2020 ஜூலையில்தான், அதுவும் 750 பேருக்கு மட்டும், குடியுரிமை வழங்கும் அதிபர் ஆணை வந்தது.

அண்ணன் 'அ' பிரிவு, தங்கை 'ஆ' பிரிவு என்று ஒரே வயிற்றுப் பிள்ளைகள் பிரிந்து நிற்கும் வீடுகள் உண்டு. அண்ணன் பிறந்தபோது அப்பாவுக்கு ஒருநாள் கூலியை விட்டுப் பதிவாளரிடம் போக முடிந்தது, தங்கை பிறந்தபோது முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தச் சட்டத்தின் பெரிய அநீதி இதுதான் என்பேன். குற்றம் யாருடையது என்று கேட்காமல், காகிதம் இல்லாதவர் தலையிலேயே தண்டனையை வைத்துவிட்டது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அதே காலத்தில் 'ஒழுங்குபடுத்தும் தேசியத் திட்டம்' ஒன்று நடந்தது. அது வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு. 288,466 பேர் விண்ணப்பித்தார்கள். 169-14 சட்டம் அந்த மண்ணிலேயே பிறந்தவர்களுக்கு. இரண்டையும் கலந்து பேசும்போது, அங்கேயே பிறந்தவர்களும் 'வந்தேறிகள்' ஆகிவிடுகிறார்கள்.

செடுலா இல்லையென்றால்? வங்கிக் கணக்கு இல்லை, சமூகக் காப்பீடு இல்லை, ஓட்டு இல்லை, பல்கலைக்கழகத்தில் சேர முடியாது, திருமணத்தைப் பதிய முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தாய் பெறும் பிள்ளையையும் பதிய முடியாது. 'நாடற்ற நிலை' தலைமுறை தாண்டுவது இப்படித்தான்.

இதை எதிர்த்து நின்றவர்கள் அந்தக் குடியிருப்புகளிலிருந்தே வந்தார்கள். பதேயில் 1963-இல் பிறந்த சோனியா பியர், 13 வயதில் கரும்பு வெட்டுவோரின் கூலிப் போராட்டத்தில் முன்னால் நின்றவர். பிறகு ஹைட்டிய வம்சாவளிப் பெண்களுக்காக 'முதா' அமைப்பைக் கட்டியெழுப்பி, 2005-இல் அந்தச் சிறுமிகளின் வழக்கை அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்தில் வெல்ல வைத்தவர்களில் ஒருவர். 2011 டிசம்பரில் 48 வயதில் இறந்துபோனார். 168-13 தீர்ப்பைப் பார்க்கவில்லை. அதன் பிறகு 'ரெகோனோசிதோ' என்ற இளைஞர் இயக்கம் அந்தப் பொறுப்பைச் சுமந்தது. 2014-இல் அதே சர்வதேச நீதிமன்றம் 168-13 தீர்ப்பும் 169-14 சட்டத்தின் சில பிரிவுகளும் மனித உரிமை ஒப்பந்தத்துக்கு முரணானவை என்றது. சில நாள்களில், 2014 நவம்பர் 4 அன்று, டொமினிக்கன் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை நாடு ஏற்றுக்கொண்டதே செல்லாது என்று அறிவித்தது.

இப்போதைய நிலை

வாரத்துக்கு 10,000 பேர் வரை நாடு கடத்துவோம் என்று அதிபர் லூயிஸ் அபினாதேர் அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. தெருவில் வண்டியை நிறுத்திப் பிடிக்கும்போது, பிறந்தவர் யார், வந்தவர் யார் என்று அங்கேயே பிரித்துப் பார்ப்பதில்லை. தோல் நிறம் பார்க்கப்படுகிறது, காகிதம் கேட்கப்படுகிறது. 2025 ஏப்ரல் 21 முதல் அரசு மருத்துவமனைகளிலும் வெளிநாட்டவரிடம் அடையாளச் சான்று, வேலைக் கடிதம், முகவரிச் சான்று கேட்கும் நடைமுறை வந்தது. சிகிச்சை உண்டு; ஆனால் சிகிச்சை முடிந்ததும் நாடு கடத்தல். பிரசவத்துக்கு வரும் பெண்களுக்கும் இதுவே விதி.

அதனால் பதேய்களில் வேலை செய்யும் அமைப்புகள் சொல்லும் அறிவுரை எளிமையானது. 'அ' பிரிவினர் செடுலாவை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போகக் கூடாது. 'ஆ' பிரிவினர் 2014–15-இல் பதிவு செய்தபோது கொடுத்த ரசீதைத் தொலைக்கக் கூடாது. அந்த 8,755 பேரில் ஒருவர் என்பதற்கு அதுவே சாட்சி. குழந்தை பிறந்தால், ஆவணமில்லாத தாய்க்கு மருத்துவமனை தரும் இளஞ்சிவப்புச் சீட்டைக் கட்டாயம் வாங்கி வைக்க வேண்டும். அது குடியுரிமை தராது. ஆனால் இன்ன நாளில் இன்ன இடத்தில் இந்தக் குழந்தை பிறந்தது என்று அரசே எழுதிக் கொடுத்த காகிதம் அது.

சட்டம் தொடவே தொடாத ஒரு கூட்டமும் உண்டு. 2010 ஜனவரி 26 அன்று வந்த புதிய அரசியலமைப்பு, சட்டவிரோதமாக வசிப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்புக் குடியுரிமை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. 169-14 சட்டமோ 2007 ஏப்ரல் 18-இல் நின்றுவிடுகிறது. இடையில் பிறந்தவர்கள் பழைய அரசியலமைப்பின்படி குடிமக்களாக இருந்திருக்க வேண்டியவர்கள். எந்தப் பிரிவிலும் அவர்கள் இல்லை. அந்தக் கூட்டத்தின் மூத்த பிள்ளைகளுக்கு 2025 ஏப்ரலில் 18 வயது நிறைந்தது. செடுலா கேட்டு வரிசையில் போய் நிற்கும் வயது.