கட்டி மேல கரண்ட் வைக்காதீங்க

போன வாரம் வந்த அம்மாவுக்கு, மார்பில் ஆபரேஷன் செய்த தழும்பை ஒட்டியே தோலில் மறுபடி முடிச்சு முடிச்சாகக் கட்டி. சேலையை விலக்கினால் அதைச் சுற்றி நாலு சதுரம், சிவந்து கொப்பளித்திருந்தது. முதுகுவலிக்கு ஒட்டுகிற டென்ஸ் மெஷினின் பேட் அச்சு! "கீமோவுக்குக் கேட்காத கட்டியும் கரண்ட்ல கரையுமாம் டாக்டர், வீடியோல சொன்னாங்க" என்றார் மகன். அதை நம்பி இரண்டு தவணை கீமோவை விட்டிருக்கிறார்கள். இந்த வருஷம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

வீடியோ சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வம்பே. எலக்ட்ரோகீமோதெரபி என்று ஒரு சிகிச்சை நிஜமாகவே இருக்கிறது. பிரான்சில் லூயிஸ் மிர் குழுவினர் நோயாளிகளிடம் செய்த முதல் பரிசோதனையை 1991-லேயே வெளியிட்டுவிட்டார்கள்.

ஆனால் அதில் கட்டியைக் கொல்வது கரண்ட் இல்லைங்க, மருந்து. ப்ளியோமைசின் என்கிற அந்தக் கீமோ மருந்து செல்லுக்குள் போய்விட்டால் டி.என்.ஏ.வை நறுக்கிவிடும். உள்ளே போவதுதான் அதற்குப் பெரும்பாடு. கட்டியில் ஊசி மின்முனை குத்தி, சென்டிமீட்டருக்கு 1,000 வோல்ட் கணக்கில் 8 துடிப்புகள் கொடுப்போம். ஒவ்வொன்றும் விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். செல் சவ்வில் துளை விழும், மருந்து புகும், துளை மூடிக்கொள்ளும். ஆய்வகத்தில் ப்ளியோமைசினின் வீரியம் பல நூறு மடங்கு ஏறியிருக்கிறது. மருந்தே இல்லாமல் இதைச் செய்வது, ஏற ஆளில்லாத ஸ்டாப்பில் பஸ் கதவைத் திறந்து மூடுகிற கதை.

டென்ஸ் மெஷினில் அந்தத் துளைகூட விழாது. சில பத்து வோல்ட், நரம்புக்குக் கிச்சுக்கிச்சு, அவ்வளவுதான். நிஜ சிகிச்சையில் சதையே துள்ளும். மரத்துப்போக ஊசி போட்டோ மயக்கம் கொடுத்தோதான் தொடுவோம். கேன்சர் கட்டி மேல் ஒட்டாதே என்று மெஷினோடு வரும் காகிதத்திலேயே பெரும்பாலும் போட்டிருப்பான். யார் படிக்கிறார்கள்!

இன்னொன்று, மின்முனை எட்டுகிற கட்டிக்குத்தான் இது. நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவியிருப்பதை, தோலில் செய்யும் இந்தச் சிகிச்சை தொடாது. கீமோவை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்க.

உங்களுக்கு எலக்ட்ரோகீமோதெரபி பொருந்துமா என்று தாராளமாகக் கேளுங்கள், கோபிக்க மாட்டேன். பேஸ்மேக்கர் இருந்தால், நுரையீரலில் பழைய கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ப்ளியோமைசின் நுரையீரலைக் கெடுக்கக்கூடிய மருந்து. தவணையை விடுவதற்கு முன்னால் ஒரே ஒரு போன் போடுங்க, ப்ளீஸ்.

அந்த அம்மாவின் கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது. அது ஆறும்வரை அடுத்த கீமோவை ஏற்ற முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம்.