கார்டு இருக்கு, மாத்திரைக்கு என்ன வழி?

போன வருஷம் பாப்பாக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார்கள். பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு இரண்டு, கொழுப்புக்கு ஒன்று என்று சீட்டில் நாலு மாத்திரை. கூடவே முதலமைச்சர் காப்பீட்டு கார்டையும் நீட்டி, "இதுக்கு மாத்திரை தருவியளா தம்பி?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. "அப்ப சுகர் மாத்திரை மட்டும் பத்து நாளைக்குக் குடுங்க. மத்தத அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்."

பாளையங்கோட்டையில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருகிறது. முதலமைச்சர் காப்பீடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கானது. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் கார்டும் அப்படித்தான். வீட்டில் தினமும் விழுங்குகிற மாத்திரைக்கு இரண்டும் உதவாது. ஆனால் ஆயுஷ்மான் கார்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்புகிறவர்களுக்கு அடுத்த 15 நாள் வரைக்கான மருந்து உண்டு. டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். தனியார் பாலிசி என்றால் பலவற்றில் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் 30 நாள், வீடு வந்தபின் 60 நாள் மருந்துச் செலவைக் கேட்கலாம். அதற்கு பில் வேண்டும். மருந்துக் கவரோடு பில்லையும் எறிந்துவிட்டு வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, மாதாமாதம் மாத்திரைக்கு எங்கே போவது? முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். பிரஷர், சுகர் மாத்திரைகள் அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துவிட்டால், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வரும். தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்களும் அந்தச் சீட்டோடு போய்ப் பதியலாம். "தர்ம மாத்திரை கேக்காது" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவை தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து அனுப்புபவை. சுகருக்குத் தரும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் எங்கே வாங்கினாலும் அதே மருந்துதான்.

அங்கே இல்லாததற்கு, குறைந்த விலையில் மருந்து தரும் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன. கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். டாக்டரிடமும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். ஆனால் தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் ஆகியவற்றில் கம்பெனி மாற்றும் முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். அளவில் சின்ன வித்தியாசம்கூட உடம்பில் தெரியும் மருந்துகள் அவை.

நம் பக்கத்து மில் தொழிலாளிகள் பலருக்குத் தெரியாத ஒன்று: ஐந்து வருஷமாவது தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயில் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால், கணவன் மனைவி இருவருக்கும் ஈஎஸ்ஐயில் வைத்தியமும் மருந்தும் தொடரும். பீடித் தொழிலாளர்களுக்கு முக்கூடலில் மத்திய அரசின் தனி ஆஸ்பத்திரியே இருக்கிறது.

அன்று ஆச்சியின் சீட்டுக்குப் பின்னால் நாலு மருந்தின் பெயரையும் தமிழில் எழுதி, சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லி அனுப்பினேன். மூன்று அங்கேயே கிடைத்துவிட்டன. நாலாவதை வாங்க மட்டும் இப்போதும் என்னிடம் வருகிறார்கள், முப்பது நாளைக்கும் சேர்த்து.